சொந்தக் கட்டிடத்துக்கும் வாடகை உண்டு

ஹனூர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை ஆளும் அலுவலகங்கள்தான் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. கொள்ளேகால் தாலுகாவே அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மேல்முறையீடு என்றால் சத்தியமங்கலம் மலையைத் தாண்டிப் போகவேண்டும். மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது தாலுகா மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997ல் மைசூர் இரண்டாகி, சாமராஜநகர் தலைநகராயிற்று. 2017 பட்ஜெட்டில் கர்நாடக முதல்வர் சித்தராமய்யா 49 புதிய தாலுகாக்களை அறிவித்தபோது கொள்ளேகால் பிளந்தது. ஹனூரும் தாலுகா தலைநகரானது.

ஒரு தலைமுறையில் கலெக்டர் மாறினார், அடுத்த தலைமுறையில் தாசில்தார் மாறினார். ஆனால் மக்களின் கேள்வி மாறவில்லை: "ஆபீஸ் எங்கே?"

இந்தக் கேள்விக்கு அரசாங்கம் எப்போதும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது: புதுக் கட்டிடம். தாலுகா என்று அரசிதழில் அச்சிட ஒரு பக்கம் போதும். அதை நடத்த அறைகள் வேண்டும். தாசில்தார், சார்பதிவாளர், கருவூலம், தாலுகா பஞ்சாயத்து, கல்வி, வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, சமூகநலம், மகளிர் குழந்தைகள் நலம், நில அளவை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பிறகு நீதிமன்றம், நீதிபதிக்கு வீடு, அதிகாரிகளுக்குக் குடியிருப்பு. 49 தாலுகாக்களையும் ஒரே மூச்சில் அறிவித்துவிட்டால் இந்தப் பட்டியலை 49ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கர்நாடகம் மட்டும் இப்படியில்லை. தெலங்கானா 2016ல் 10 மாவட்டங்களை 31 ஆக்கியது, பிறகு 33 ஆக்கியது. ஆந்திரம் 2022 ஏப்ரலில் 13 மாவட்டங்களை 26 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2019, 2020 ஆண்டுகளில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை என ஆறு புதிய மாவட்டங்கள் உதயமாயின. கள்ளக்குறிச்சிக்கு வீரசோழபுரம் கோவில் நிலத்தில் கலெக்டர் அலுவலகம் கட்ட முனைந்தபோது விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் 2022 ஜூனில் திறந்துவைக்கப்பட்ட கலெக்டர் வளாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ரூ. 100 கோடிக்கு மேல் ஆயிற்று.

பிரிப்பதற்கான காரணம் எங்கும் ஒன்றே. அரசாங்கம் மக்களுக்கு அருகில் வரவேண்டும். நியாயமான காரணம்தான். அதிலும் ஹனூருக்கு மற்ற ஊர்களைவிட இரண்டு மடங்கு நியாயம் உண்டு.

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் தாலுகா அங்கே தொடங்கி மலை மகாதேஸ்வரர் மலையைக் கடந்து, பாலாறு ஓரம் தமிழ்நாட்டு எல்லை வரை நீள்கிறது. நடுவில் காடு. வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. அவனுடைய கும்பல் 1992ல் தாக்கிய ராமாபுரம் காவல் நிலையமும் இங்கேதான். அந்த நாட்களில் இந்தப் பகுதியில் பலருக்கும் அரசாங்கம் என்றால் காவல் நிலையமும் வனத்துறைச் சாவடியும்தான். மார்டள்ளி, கோபிநத்தம் பக்கமுள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒரு பஹணி நகலுக்குக் கொள்ளேகால் போய் வந்தால் ஒருநாள் கூலி போயிற்று. தாசில்தார் 'கேம்ப்' போயிருந்தால் இரண்டு நாள்.

2018 டிசம்பரில் இதே தாலுகாவின் சுளவாடி கிராமத்தில் மாரம்மன் கோவில் பிரசாதத்தில் விஷம் கலந்து 15க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, பாதிக்கப்பட்டவர்களை மைசூர் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலின்போது இண்டிகநத்தம் கிராமத்தில் ஓட்டுச்சாவடி சூறையாடப்பட்டு, மறுவாக்குப்பதிவு நடந்தது. சாலை இல்லை, குடிநீர் இல்லை என்று தேர்தலைப் புறக்கணிக்கும் முடிவிலிருந்துதான் அந்தத் தகராறு தொடங்கியது. மறு ஆண்டே, 2025 ஏப்ரல் 24 அன்று, கர்நாடக அமைச்சரவை மகாதேஸ்வரர் மலையிலேயே கூடியது. அரசாங்கம் மலை ஏறி வந்துபோவது நல்லதுதான். ஆனால் மலைவாசிக்குத் தேவை தங்கும் அரசாங்கம்.

அப்படியானால் கட்டிடம் தேவைதானே? தேவைதான். ஆனால் எப்படிப்பட்ட கட்டிடம், எவ்வளவு பெரியது, அதற்கு உண்மையில் என்ன செலவு என்ற கேள்விகளை நம் அரசாங்கங்கள் கேட்பதே இல்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவற்றுக்கு இல்லை. கணக்கு எழுதும் முறையே அப்படி அமைந்திருக்கிறது.

அரசின் கணக்கில் கட்டிடம் கட்டும் செலவு 4059 என்ற தலைப்பில் மூலதனச் செலவாக ஒருமுறை வரும். கட்டி முடித்ததும் அந்தத் தொகை மறக்கப்படும். அதற்கு வாங்கிய கடனுக்கான வட்டி, மொத்த வட்டிக் கணக்கில் கரைந்துவிடும். தேய்மானம் என்ற ஒன்றே கிடையாது. ரொக்கம் வந்தது, ரொக்கம் போனது என்பதுதான் அரசுக் கணக்கு. பராமரிப்பு 2059 என்ற வேறு தலைப்பில், வருவாய்ச் செலவில் ஒளிந்துகொள்ளும். எனவே வாடகைக் கட்டிடத்தில் இருக்கும் அதிகாரியின் செலவு மாதாமாதம் கண்ணில் படுகிறது. சொந்தக் கட்டிடத்தில் இருப்பவர் இலவசமாக இருப்பதுபோல் தெரிகிறது. "எத்தனை நாளைக்கு வாடகை கொடுப்பது? சொந்தமாகக் கட்டிவிடுவோம்" என்று எந்த அமைச்சர் சொன்னாலும் கைதட்டல் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது எந்த ஊரின் நிஜக் கணக்கும் அல்ல; சிறிய தாலுகா ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் போதும். 12 அலுவலகங்கள் வாடகைக்கு இருக்கின்றன. தலைக்கு மாதம் ரூ. 20,000. ஆண்டுக்கு ரூ. 28.8 லட்சம். இதை மிச்சப்படுத்த ரூ. 10 கோடியில் ஒரு வளாகம் எழுகிறது. 10 கோடிக்கு 7 சதவீத வட்டி ஆண்டுக்கு ரூ. 70 லட்சம். கட்டிடம் 50 ஆண்டு நிற்கும் என்று வைத்தால் தேய்மானம் ரூ. 20 லட்சம். வெள்ளையடிப்பு, ஒழுகல், மின்சார வயர், தண்ணீர்த் தொட்டி என்று பராமரிப்புக்கு 2 சதவீதம், இன்னொரு ரூ. 20 லட்சம். ஆக, ஆண்டுக்கு ரூ. 1.1 கோடி. ரூ. 28.8 லட்சத்தை மிச்சம் பிடிக்க ரூ. 1.1 கோடி!

வாடகைதான் லாபம் என்று இதோடு பேனாவை மூடிவிடலாமா? முடியாது. வாடகைக் கணக்கிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. அதை அரசாங்கம் கொடுப்பதில்லை, மக்கள் கொடுக்கிறார்கள்.

வாடகைக்குக் கிடைத்த இடங்களில் 12 அலுவலகங்கள் என்றால், ஒன்று பஸ் நிலையத்துக்கு மேலே, ஒன்று கல்யாண மண்டபத்துக்குப் பின்னே, ஒன்று ஊர்க்கோடியில் என்று சிதறிக் கிடக்கும். விவசாயி தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி, சர்வேயரைத் தேடிப் போய், சார்பதிவாளர் அலுவலகம் எந்தச் சந்து என்று விசாரிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். மறுநாளும் வரவேண்டும். ஒரே வளாகமாக இருந்தால் ஆளுக்கு ரூ. 100 மிச்சமாகும் என்றும், தினம் 150 பேர் வருகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால் நாளைக்கு ரூ. 15,000. ஆண்டில் 280 வேலை நாட்களுக்கு ரூ. 42 லட்சம். அரசாங்கம் கொடுக்கும் மொத்த வாடகையைவிட இது அதிகம். எந்த பட்ஜெட்டிலும் இந்தத் தொகைக்குத் தலைப்பு எண் கிடையாது.

இரண்டையும் சேர்த்தால் சிதறிக் கிடப்பதன் விலை ஆண்டுக்கு ரூ. 70.8 லட்சம். இதே விகிதத்தில் பார்த்தால், அந்தக் கற்பனைத் தாலுகாவில் சுமார் ரூ. 6.4 கோடிக்குள் ஒரு வளாகம் கட்ட முடிந்தால் அது லாபம். 10 கோடி என்றால் தொடக்கத்தில் நஷ்டம். வாடகை ஆண்டுதோறும் ஏறும், கடன் வட்டி ஏறாது என்பதையும் சேர்த்தால் எல்லை இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இப்படி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு அடிக்கல் நாட்டுவது எத்தனை ஊர்களில் நடக்கிறது?

அடிக்கல் நாட்டும் ஆசை கர்நாடகத்துக்குப் புதிதல்ல. பெங்களூரின் விதான சௌதாவுக்கு 1951 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டியபோது மனதில் இருந்தது எளிமையான ஒரு கட்டிடம்தான். 1952ல் முதல்வரான கெங்கல் ஹனுமந்தய்யா அதன் வடிவத்தையே மாற்றிப் பிரம்மாண்டமாக்கினார். 1956ல் முடிந்தபோது செலவு சுமார் ரூ. 1.8 கோடி. அந்தக் காலத்தில் அது பெரும் விமர்சனத்துக்கு ஆளாயிற்று. கட்டிடம் முடிந்த அதே ஆண்டில் அவர் பதவியும் போயிற்று. ஆனால் விதான சௌதா 70 ஆண்டுகளாக அன்றாடம் உழைக்கிறது. போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

அதே வடிவத்தின் சாயலில் பெலகாவியில் எழுந்த சுவர்ண விதான சௌதாவின் கதை வேறு. 2012 அக்டோபரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்த அந்தக் கட்டிடத்துக்குப் பல நூறு கோடி ரூபாய் செலவாயிற்று. மகாராஷ்டிரத்துடனான எல்லைத் தகராறில் பெலகாவி தங்களுடையது என்று அறிவிக்கும் அரசியல் கல்வெட்டு அது. கல்வெட்டாக அது சரி. அலுவலகமாக? குளிர்காலக் கூட்டத்தொடர் நடப்பது ஆண்டுக்குச் சுமார் 10 நாட்கள். மீதி நாட்களில் அதைப் பயன்படுத்த எந்தெந்தத் துறைகளை மாற்றலாம் என்று ஒவ்வொரு ஆட்சியும் பேசியிருக்கிறது. 2022ல் அதன் வாசலில் யாரோ சேமியாவும் அப்பளமும் உலரவைத்த படம் பத்திரிகைகளில் வந்து பரபரப்பாயிற்று. இத்தனை பெரிய வாசல் வெயிலில் சும்மா கிடந்தால் ஏழைப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்?

தமிழ்நாட்டுக்கு இதில் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் புதிய தலைமைச் செயலகத்தை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். ஜெர்மன் கட்டிடக் கலைஞர்களின் வடிவமைப்பு. 2011ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா கோட்டைக்கே திரும்பினார். சட்டமன்றத்துக்கும் அமைச்சர்களுக்கும் என்று அளவெடுத்துக் கட்டிய இடம் மாற்றியமைக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. நோயாளிகளுக்குப் பயன்பட்டது என்பதில் ஆறுதல் உண்டு. ஆனால் சட்டமன்றமாக ஒருமுறை, மருத்துவமனையாக ஒருமுறை என்று ஒரே கட்டிடத்துக்கு இரண்டு முறை பணம் கொடுத்தவர் வரி கட்டுபவர்.

கட்டுவதில் இவ்வளவு ஆர்வம் காட்டும் அரசாங்கங்களுக்குப் பராமரிப்பு என்றால் மட்டும் கை நடுங்கும். கட்டினால் கல்வெட்டில் பெயர் வரும். ஒழுகலை அடைத்தால் யார் பெயரும் வராது. நிதி நெருக்கடி என்றதும் முதலில் வெட்டப்படுவதும் பராமரிப்புத் தொகைதான். அதன் விலை 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் தெரிந்தது. எழிலகம் வளாகத்தின் பழம்பெரும் கலச மஹால் தீப்பிடித்து, அங்கிருந்த அலுவலகங்களின் ஆவணங்கள் சாம்பலாயின. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு பொதுப்பணித் துறை அதை அழகாகப் புனரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கே இயங்குகிறது. இடித்துத் தள்ளாமல் பழையதைச் சரிசெய்தும் அலுவலகம் நடத்தலாம் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. என்ன, அதற்குத் தீப்பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தில்லியிலும் இதே வாதம்தான் பெரிய அளவில் நடக்கிறது. 2025 ஆகஸ்ட் 6 அன்று கர்த்தவ்ய பவனின் முதல் கட்டிடத்தைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, சிதறிக் கிடக்கும் அமைச்சகங்களுக்காக மத்திய அரசு ஆண்டுக்கு ரூ. 1,500 கோடி வாடகை கொடுப்பதாகச் சொன்னார். ஒரே இடத்தில் அமைச்சகங்களைச் சேர்ப்பதற்கு அது வலுவான காரணம். ஆனால் அந்த மிச்சத்துக்கு எதிரே புதுக் கட்டிடங்களின் வட்டி, தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1949ல் அமைந்த பொதுச் சேவைகள் நிர்வாகம், மத்திய அரசின் கட்டிடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் இருக்கும் துறைகளிடம் சந்தை நிலவரப்படி வாடகை வசூலிக்கிறது. 1970களிலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது. சொந்தக் கட்டிடமானாலும் வாடகை! ஒரு மாடி சும்மா இருந்தால் அந்தத் துறையின் பட்ஜெட்டில் அது உறுத்தும். பிரிட்டனில் 2008ம் ஆண்டுப் பருவநிலை மாற்றச் சட்டப்படி, அரசு அலுவலகக் கட்டிடங்கள் எவ்வளவு சிக்கனமாக இயங்குகின்றன என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கவேண்டும். ஓர் ஊழியருக்கு எத்தனை சதுர மீட்டர் என்பதுகூட அங்கே பகிரங்கக் கணக்கு.

இவற்றாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2023ல் அமெரிக்கத் தணிக்கை அமைப்பு ஆராய்ந்த 24 துறைகளில் 17, தங்கள் தலைமையகத்தின் கொள்ளளவில் சராசரியாக 25 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் பயன்படுத்தின. கோவிட்டுக்குப் பிறகு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ததன் விளைவு. ஆனால் அங்கே அந்த எண்ணாவது தெரியவந்தது. இந்தியாவில் எந்த மாவட்டத்திலாவது அரசு அலுவலகங்களில் எத்தனை சதுர அடி இருக்கிறது, அதில் எவ்வளவு பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டால், பொதுப்பணித் துறை கல்வித் துறையைக் காட்டும், கல்வித் துறை பஞ்சாயத்தைக் காட்டும்.

கம்ப்யூட்டரும் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. நில ஆவணங்களை 'பூமி' திட்டத்தில் முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிய மாநிலங்களில் ஒன்று கர்நாடகம். ஹோப்ளி அளவில் நாடகச்சேரிகள் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தருகின்றன. பத்திரப் பதிவுக்கான 'காவேரி 2.0' 2023ல் வந்தது. தாலுகா ஆவண அறைகளில் உள்ள பழைய கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு வருகின்றன. ஒரு காலத்தில் தாலுகா கச்சேரியில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டது கோப்பு. அது இனிமேல் அவ்வளவு இடம் கேட்காது. ஆனால் கட்டிட வரைபடங்கள் இன்னமும் கோப்புகளின் காலத்திலேயே நிற்கின்றன. ஒவ்வொரு அதிகாரிக்கும் தனி அறை, ஒவ்வொரு துறைக்கும் தனிக் கூட்ட அரங்கு. மாதம் ஒருமுறை கூடும் 12 அரங்குகளுக்குப் பதில் ஒரே அரங்கு போதாதா?

கர்நாடகத்தில் தாலுகா வளாகங்களுக்கு மினி விதான சௌதா என்று பெயர் இருந்தது. இப்போது புதிதாகக் கட்டுபவற்றுக்குப் பிரஜா சௌதா என்று பெயர். பிரஜைகளின் மாளிகை. நல்ல பெயர். அந்தப் பெயருக்கு ஏற்ற கட்டிடம் என்றால் சில எளிய சோதனைகள் உண்டு. காட்டிலிருந்து வரும் கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம்? ஊருக்கு வெளியே இலவசமாகக் கிடைத்த புறம்போக்கு என்பதற்காக அங்கே கட்டினால், நிலத்தில் மிச்சமாவதை மக்கள் ஆட்டோவுக்குக் கொடுப்பார்கள். வந்தவர் உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? இன்றைய தேவைக்கு ஒரு மாடி கட்டிவிட்டு, நாளை இன்னொன்று எழுப்ப அஸ்திவாரம் இடம் தருகிறதா? முதல் ஆண்டிலிருந்தே பராமரிப்புக்கு என்று, வேறெதற்கும் திருப்ப முடியாத ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா?

இன்னொன்றும் செய்யலாம். கட்டிட வாசலில் அமைச்சர் பெயர் பொறித்த கல்வெட்டுக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு பலகை: இந்தக் கட்டிடத்துக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு இவ்வளவு, இத்தனை அறைகள், அவற்றில் காலியாக இருப்பவை இத்தனை. ஆண்டுதோறும் எண்களை மாற்றி எழுத ஒரு சாக்பீஸ் போதும். திறப்பு விழா ஒருநாள்தான் நடக்கிறது. வாடகை, கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும், தினமும் ஏறுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து மைசூருக்கும், மைசூரிலிருந்து சாமராஜநகருக்கும், கொள்ளேகாலிலிருந்து ஹனூருக்கும் அரசாங்கம் வந்துசேர 60 ஆண்டுகள் ஆயின. பாலாற்றங்கரையிலிருந்து வரும் கூலித் தொழிலாளி கட்டிடத்தின் குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கப் போவதில்லை. உள்ளே நாற்காலியில் ஆள் இருக்கிறாரா, வந்த வேலை இன்றே முடியுமா என்றுதான் பார்ப்பார். இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் வந்தால், ஓட்டுக் கட்டிடமும் அவருக்குப் பிரஜா சௌதாதான்.